கொள்ளிடத்துக்குக் காவல் போட்ட காட்டன் துரை



கம்ப்யூட்டர் பிரிவு மாணவன் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறான் என்றால், பாபேஜ் அல்லது டூரிங் பற்றித்தான் இருக்கும் என்று பக்கத்தைப் புரட்டப் போயிருப்பீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பவர் சர் ஆர்தர் காட்டன். சிவில் பிரிவு நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் ஆளை நான் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் என் புராஜெக்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புராஜெக்ட். ஒரு ஃபோல்டரில் புது ஃபைல் வந்தாலும், இருந்த ஃபைல் அழிந்தாலும், ஒரு ஃபைலுக்குள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் கண்டுபிடித்துச் சொல்லும் பைதான் ஸ்கிரிப்ட். கேட்க என்னமோ பெரிசாக இருக்கும், எழுதினால் நாற்பது வரிதான். ஓஎஸ்.வாக் என்று ஒரு ஃபங்ஷன், ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்களைக் கொடுக்கும். ஓஎஸ்.ஸ்டேட் என்று இன்னொன்று, ஒவ்வொரு ஃபைலின் அளவையும் அது கடைசியாக மாறிய நேரத்தையும் சொல்லும். இதையெல்லாம் ஒரு குறிப்பாகச் சேமித்துவைக்க வேண்டியது. பத்து வினாடி தூங்கி எழுந்து மறுபடி அதே குறிப்பை எடுக்க வேண்டியது. பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டியது. ரகசியம் அவ்வளவுதான்! ஆனால் முதல் குறிப்பு இல்லையென்றால் மொத்தமும் இல்லை. நேற்று எப்படி இருந்தது என்று தெரியாதவனுக்கு இன்று என்ன மாறியது என்று எப்படித் தெரியும்? சிவில் நண்பர்கள் மைதானத்தில் லெவலிங் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பதற்கு முன்னால் ஒரு பெஞ்ச்மார்க் தேடுவார்களே, அதே கதைதான்.

இப்போது ஆர்தர் காட்டனுக்கு வருவோம். பிறந்தது 1803-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், இங்கிலாந்தில். வீட்டில் பிள்ளைகள் ஏராளம், சகோதரர்களே பதினொரு பேர், அதில் இவர் பத்தாவது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்த அடிஸ்கோம்ப் பள்ளியில் 15 வயதில் சேர்ந்தார். நாம் பத்தாம் வகுப்பு முடித்து டிப்ளமோவில் சேர்கிற வயது! 1821-ல் சென்னைக்கு வந்து இறங்கியபோது வயது 18. பாம்பன் கால்வாய் சர்வே, பிறகு பர்மா யுத்தம் என்று கொஞ்ச காலம் அலைந்தார். 1828-ல் காவிரி பாசன வேலைகளை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. 25 வயசுப் பையனிடம் காவிரியைக் கொடுத்திருக்கிறார்கள், பாருங்களேன்.

அவர் வந்து பார்த்தபோது நம்ம ஊர் ஆறுகள் எப்படி இருந்தன? ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே அம்மா மண்டபம் வழியாக ஓடுகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். கிழக்கே கல்லணைக்கிட்டே இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. நடுவில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். காவிரித் தண்ணீர் தஞ்சை வயல்களுக்குப் போகும். கொள்ளிடத்துத் தண்ணீர் பெரும்பாலும் நேரே கடலுக்குப் போகும். கொள்ளிடம்தான் வெள்ளத்துக்கு வடிகால்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கொள்ளிடம் பள்ளம், வாட்டமும் அதிகம். தண்ணீருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும், பள்ளம் கண்ட பக்கம் பாயும். வருஷா வருஷம் வெள்ளம் கொள்ளிடத்தை அரித்து இன்னும் ஆழமாக்க, காவிரியின் வாயில் மணல் சேர்ந்து மேடாகிக்கொண்டே வந்தது. விவசாயிகள் மணலும் தழையும் மரமும் போட்டு கோரம்பு கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்புவார்கள். அடுத்த வெள்ளம் வந்து கோரம்பை அள்ளிக்கொண்டு போகும். மறு வருஷம் மறுபடி கட்ட வேண்டும். தஞ்சை 1799-ல் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. 1804-லேயே கேப்டன் கால்டுவெல் என்பவர் இதை ஆராய்ந்து கல்லணையை உயர்த்த யோசனை சொன்னார். கல்லணையில் கொஞ்சம் வேலையும் நடந்தது. ஆனால் நோய் இருந்தது கல்லணையில் இல்லை, முக்கொம்பில்.

இந்த மாற்றத்தை ஒரு நாளில் யாராலும் பார்க்க முடியாது. காவிரிக் கரையில் குளிக்கிறவனுக்கு இந்த வருஷ மணலுக்கும் போன வருஷ மணலுக்கும் வித்தியாசம் தெரியாது. விரல் அளவு, சாண் அளவு என்று ஏறி, பத்து இருபது வருஷத்தில் வயல் காய்ந்த பிறகுதான் ஊர் கூடிப் புலம்பும். என் ஸ்கிரிப்டிலும் இதே சிக்கல் உண்டு. ஃபைலின் அளவு மாறவில்லை, நேரமும் பழையபடியே காட்டுகிறது, ஆனால் உள்ளே எழுத்து மாறியிருக்கிறது. முடியுமா என்று கேட்காதீர்கள், முடியும். ஒரு எழுத்தை எடுத்துவிட்டு இன்னொரு எழுத்தைப் போட்டால் அளவு அப்படியே இருக்கும். நேரத்தையும் ஒரு கட்டளையில் திருத்திவிடலாம். அதனால்தான் ஹாஷ்லிப் என்ற மாட்யூலைக் கூப்பிட்டு, முழு ஃபைலையும் படித்து, ஷா-256 முறையில் அதற்கு ஒரு கைரேகை எடுத்துவைக்கிறோம். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாத மாற்றம் கைரேகையில் மாட்டிக்கொள்ளும். ஆற்றுக்குக் கைரேகை எது? படுகையின் மட்டம். கரையில் நின்று பார்த்துச் சொல்வதில்லை, லெவல் பிடித்து அளந்து, எழுதி வைத்து, அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி அளப்பது.

காட்டன் சும்மா வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1830-ல் கல்லணையில் மணல் போக்கும் மதகுகளை அமைத்தார். அந்த வேலையின்போதுதான் கல்லணையின் கட்டுமானத்தை நன்றாகப் பார்த்தார். கரிகாலன் காலத்தது என்று நாம் சொல்லும் அணை, சுமார் 329 மீட்டர் நீளம். அடியில் பாறையே கிடையாது, வெறும் மணல். மணல் மேல் கல்லைப் போட்டால் கல் இறங்கும். இறங்கட்டும் என்று விட்டு அதன் மேல் இன்னும் கல்லைப் போட்டு, அது அசையாமல் நிலைக்கும் வரை போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள் நம் முன்னோர்கள். பாறை கிடைக்காத ஆற்றில் அணை கட்ட முடியாது என்ற எண்ணத்தை காட்டன் இங்கே விட்டார். அடிஸ்கோம்ப்பில் கற்றுக்கொடுக்காததை ஒரு ஆங்கிலேய இன்ஜினீயர் கல்லணையிடம் கற்றுக்கொண்டார் என்பதில் நமக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தால் தப்பில்லை. தான் யாரிடம் கற்றேன் என்பதை அவர் மறைத்ததும் இல்லை.

பிறகு முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை எழும்பியது. 1836-ல் முடிந்தது. சுமார் 685 மீட்டர் நீளம். உயரம் ஒன்றும் பிரமாதமில்லை, இன்றைய மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு திண்ணை மாதிரி. ஆனால் அந்தத் திண்ணைதான் வேலை செய்தது. சாதாரண நாளில் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் இறங்காமல் காவிரிக்குத் திரும்பும், வெள்ளம் வந்தால் அணைக்கு மேல் வழிந்து கொள்ளிடத்தில் விழும். அதே 1836-ல் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில், அணைக்கரையில், கீழணையும் கட்டப்பட்டது. வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது அதன் தயவில்.

வாழ்க்கை வரலாறுகள் பொதுவாக இந்த இடத்தில் கைதட்டல் வாங்கி முடிந்துவிடும். அணை கட்டினார், நாடு செழித்தது, சுபம்! எனக்கு இதற்கு அடுத்த பத்து வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது.

அணை கட்டியதும் காவிரிக்குத் தண்ணீர் வந்தது. தேவைக்கு மேலேயே வந்தது. மேடாகிக்கொண்டிருந்த காவிரி இப்போது ஆழமாக ஆரம்பித்தது. முன்பு கொள்ளிடம் செய்ததை இப்போது காவிரி செய்தது, தன் படுகையைத் தானே அரித்தது. அப்படியே விட்டிருந்தால் கொள்ளிடத்துக்குப் போக வேண்டிய வெள்ளமும் தஞ்சைப் பக்கம் திரும்பியிருக்கும், கரை உடைந்திருக்கும். பஞ்சத்துக்கு மருந்து கொடுக்கப் போய் வெள்ளத்தை வரவழைத்த கதை. ஆனால் அணை கட்டிவிட்டோம் என்று அளப்பதை நிறுத்தாததால் விஷயம் தெரிந்தது. 1843-ல் மேலணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைத்தார்கள். ஏழே வருஷத்துக்கு முன்னால் கட்டிய அணையை வெட்டிக் குறைப்பதென்றால் சாதாரணமா? அதுவும் போதவில்லை. 1845-ல் காவிரியின் தலைப்பில், படுகை மட்டத்தில், குறுக்கே ஒரு சுவர் போட்டார்கள். இதற்குக் கீழே அரிக்காதே என்று ஆற்றுக்கு ஒரு கோடு கிழித்த மாதிரி. அதற்குப் பிறகுதான் இரண்டு ஆறும் ஒரு சமநிலைக்கு வந்தன. அந்த நேரம் காட்டன் காவிரிப் பக்கம் இல்லை, கோதாவரிக்குப் போயிருந்தார். அவர் கட்டியதை அவருக்குப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அது அவருக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம லேபில் அடிக்கடி நடக்கும் ஒரு கூத்து ஞாபகம் வந்தது. ஃபோல்டரைக் கண்காணிக்கும் ஸ்கிரிப்ட், தான் கண்டதை ஒரு லாக் ஃபைலில் எழுதும். அந்த லாக் ஃபைலை அதே ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஸ்கிரிப்ட் லாக் எழுதும். ஃபோல்டரில் மாற்றம்! உடனே அதைக் குறித்து லாக் எழுதும். மறுபடியும் மாற்றம்! இப்படியே விடிய விடிய எழுதி டிஸ்க்கை நிரப்பிவிடும். வெளியில் யாரும் எதையும் தொடவில்லை, காவல்காரன் நடக்கிற சத்தத்தைக் கேட்டே காவல்காரன் கூச்சல் போடுகிறான். நாம் வைக்கிற கருவியும், நாம் கட்டுகிற அணையும், நாம் பார்க்கிற இடத்தின் ஒரு பகுதியாக ஆகிவிடுகிறது. அதனால் வரும் மாற்றத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். மேலணையில் அதைக் கண்டுபிடிக்க ஏழு வருஷம், லேபில் ஏழு வினாடி.

இன்னொரு விஷயம். பத்து வினாடிக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பது பழைய முறை. இப்போது ஆபரேட்டிங் சிஸ்டமே தட்டி எழுப்பும். லினக்ஸில் 2005-ல், 2.6.13 கெர்னலில் வந்த ஐநோட்டிஃபை அந்த வேலையைச் செய்கிறது. விண்டோஸில் அதற்கு வேறு ஏற்பாடு. பைதானில் வாட்ச்டாக் என்ற லைப்ரரி இரண்டையும் ஒரே மாதிரி பயன்படுத்த உதவுகிறது. வசதிதான். ஆனால் மாற்றம் வெள்ளமாக வந்தால் ஐநோட்டிஃபையின் வரிசை நிரம்பி வழிந்துவிடும், நடுவில் சில செய்திகள் தொலைந்துபோகும். வழிந்துவிட்டது என்று மட்டும் ஒரு தகவல் வரும், அப்போது பழையபடி முழு ஃபோல்டரையும் நடந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, நெட்வொர்க்கில் இணைத்த ஃபோல்டரில் வேறு மெஷினில் இருந்து யாராவது எழுதினால் நம்ம கெர்னலுக்குத் தெரியாது. குடகில் பெய்யும் மழை முக்கொம்பில் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாதல்லவா? அதற்கு மேலே போய் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

காட்டனின் மிச்ச வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முக்கொம்பு வேலை முடிந்த கையோடு சென்னையில் செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றிவர ஒரு ரயில் பாதை போடும் வேலையிலும் இருந்தார், இந்தியாவின் முதல் ரயில் பாதைகளில் அது ஒன்று. உடம்பு கெட்டு டாஸ்மேனியா போனார். 1841-ல் எலிசபெத் லியர்மன்த் என்ற பெண்ணை மணந்தார். திரும்பி வந்து கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1847-ல் தொடங்கி 1852-ல் முடித்தார். மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், அதுவும் மணல் ஆறுதான். காவிரியில் கற்ற பாடம் அங்கே கைகொடுத்தது. ஆந்திரத்தில் அவருக்கு ஊர் ஊருக்குச் சிலை இருக்கிறது. நம்ம ஊரில் முக்கொம்புக்குச் சுற்றுலா போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். 1861-ல் சர் பட்டம் கிடைத்தது. ஊர் திரும்பியும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைக் கால்வாய்க்குக் கொடுங்கள், ஆறுகளைக் கால்வாயால் இணையுங்கள் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். இதற்காக 1878-ல் அங்கே நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று பதில் சொல்லவும் வேண்டியிருந்தது. ரயில் பாதை போட்டவரே ரயிலை எதிர்த்தது வேடிக்கை! அந்த வாதத்தில் அவர் கொஞ்சம் அளவு மீறிப் போனார் என்பது என் கருத்து, ரயில் இல்லாமல் நம்ம பொன்மலை ஏது? 1899 ஜூலையில், 96-ஆம் வயதில், இங்கிலாந்தின் டார்க்கிங் என்ற ஊரில் காலமானார்.

அவர் போட்ட மேலணையில் பிற்பாடு கதவுகள் வைத்தார்கள். கொள்ளிடத்தின் தெற்குப் பகுதியில் 45 மதகுகள், வடக்கில் 10. 1924-ல் வந்த பெருவெள்ளத்தைப் பார்த்தது, 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் நாள்கணக்கில் வெள்ளம் ஓடியது. முதலில் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, 1928-ல் கட்டி, போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் இறங்கிப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. சில நாளில், ஆகஸ்ட் 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் சரிந்து ஆற்றோடு போயின. 182 வருஷம் நின்ற கட்டடம்! மணல் மூட்டையும் பாறாங்கல்லும் போட்டு இரவு பகலாக அடைத்தார்கள். ஆற்றில் மணல் அள்ளி அள்ளிப் படுகை இறங்கியதுதான் காரணம் என்று விவசாயிகளும் ஊர்க்காரர்களும் சொன்னார்கள், கட்டடத்தின் வயசு என்று சொன்னவர்களும் உண்டு. எது எப்படியோ, பாலமும் சரி மதகும் சரி, அடியில் மணல் நகர்ந்தால் நிற்காது. மேலே பெயின்ட் அடித்த கதவு நேற்று மாதிரியே இருந்திருக்கும். அளவு மாறாத, நேரம் மாறாத ஃபைல் மாதிரி!

இப்போது சற்றுக் கீழே புதிய கதவணை கட்டிவிட்டார்கள். சிவில் நண்பர்கள் யாராவது அதன் கீழ்ப்பக்கத்துப் படுகை மட்டத்தை வருஷா வருஷம் எடுத்து ஒரு பட்டியலாகக் கொடுத்தால், இந்த வருஷத்தையும் போன வருஷத்தையும் ஒப்பிட்டு, எத்தனை சென்டிமீட்டர் இறங்கினால் மணி அடிக்க வேண்டுமோ அத்தனையில் அடிக்கும் ஸ்கிரிப்டை நான் எழுதித் தருகிறேன். அதுவும் நாற்பது வரிக்கு மேல் வராது. ஃபோல்டர் ஸ்கிரிப்ட் மட்டும் போதும் என்பவர்கள் பென் டிரைவோடு லேபுக்கு வாருங்கள். பகல் ஒரு மணிக்கு மேல் வாருங்கள், அதுவரைக்கும் பிராக்டிகல்.